மொய் நோட்டும் திருவிழா நோட்டீஸும்: நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு

ஏதாவது ஒரு கிளை நூலகத்துக்குப் போய், "இந்த ஊர் வரலாறு பற்றிப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு தலபுராணம், அல்லது மாவட்டச் சுற்றுலாக் கையேடு. கோயில் இருக்கும், கோட்டை இருக்கும், யாராவது ஒரு அரசர் இருப்பார். ஊருக்கு முதல் ரைஸ்மில் எப்போது வந்தது, எந்தத் தெருவுக்கு முதலில் கரண்ட் இழுத்தார்கள், பெண்கள் பள்ளிக்கூடம் யார் திண்ணையில் ஆரம்பித்தது என்பதெல்லாம் இருக்காது.

இவற்றை யாரும் எழுதவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ரைஸ்மில் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்திருப்பார்கள். கரண்ட் வந்த வருஷத் திருவிழா நோட்டீஸில் 'மின்விளக்கு அலங்காரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் வெள்ளிவிழா மலர் போட்டிருக்கும். அச்சான எல்லாமே விழா முடிந்த மறுநாள் சுண்டல் மடிக்கப் போய்விட்டது, அவ்வளவுதான். அப்படிப் போகாமல் தப்பியதைத் தேடிப் பிடித்து, எங்கிருந்து வந்தது என்று குறித்து, கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பதுதான் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு. அதற்குத் தனிக் கட்டடம் வேண்டாம். பூட்டுகிற மாதிரி ஒரு பீரோ, ஒரு பதிவேடு, பென்சில் போதும்.

ஆவணக் காப்பகமும் இதுவும் ஒன்றா என்ற சந்தேகம் முதலில் வரும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-இல் தொடங்கியது. அங்கே இருப்பது அரசு நடத்திய காரியங்களின் கோப்பு. கலெக்டர் எழுதியது, கலெக்டருக்கு எழுதியது. அருங்காட்சியகம் பொருள்களுக்கானது. ஊர்க்காரர்கள் தங்களுக்குள் அச்சடித்துக்கொண்டதும் எழுதிக்கொண்டதும் இந்த இரண்டு இடத்துக்கும் போவதில்லை. அதற்குப் பொருத்தமான இடம் ஊர் நூலகம். வீட்டு வரி, சொத்து வரி கட்டும்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரி என்று ஊர்க்காரர்தானே கட்டுகிறார். அவர் வீட்டுக் காகிதத்துக்கு அங்கே ஒரு தட்டு கேட்பதில் தப்பில்லை.

எதைச் சேர்ப்பது

புத்தகத்துக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் போக வேண்டும். எல்லாரும் ஒழுங்காக அனுப்புவதில்லை என்றாலும், புத்தகம் என்று ஒன்று வந்துவிட்டால் அது எங்காவது ஒரு தட்டில் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. ஒற்றைத் தாள் நோட்டீஸை அப்படி எடுத்து வைக்க யாரும் இல்லை. ஆகவே ஊர் நூலகம் முதலில் கை வைக்க வேண்டியது புத்தகத்தில் அல்ல, ஒற்றைத் தாளில்.

திருவிழா நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், சந்தனக்கூடு அழைப்பு, தேவாலய ஆண்டறிக்கை, பள்ளி ஆண்டு மலர், நாடக நோட்டீஸ், டாக்கீஸில் விற்ற பாட்டுப் புத்தகம், தேர்தல் துண்டறிக்கை, கூட்டுறவு சங்க ஆண்டறிக்கை, கல்யாணத்தில் பிரேம் போட்டுக் கொடுத்த வாழ்த்து மடல், பெரியவர் இறந்தபோது அடித்த சரமகவி. இன்றைய நோட்டீஸையும் இன்றே எடுத்து வைக்க வேண்டும்; ஐம்பது வருஷம் கழித்துத் தேடுவதைவிட வாசலில் நீட்டுபவரிடம் இரண்டாக வாங்கிக்கொள்வது சுலபம்.

இதை ஒரு தனிமனிதர் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சாட்சி. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், பழைய புத்தகங்களோடு அழைப்பிதழையும் நாடக நோட்டீஸையும்கூட விடாமல் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின், அந்தச் சேகரிப்புதான் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தது.

பலர் கழித்துக்கட்டும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: மொய் நோட்டு. பார்க்க வெறும் கணக்கு நோட்டு. ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்துப் பாருங்கள். இடது ஓரம் ஊர்ப்பெயர், நடுவில் ஆள் பெயர், வலது ஓரம் தொகை. ஊர்ப்பெயர்களை மட்டும் எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தால் அந்தக் குடும்பத்தின் கொள்வினை கொடுப்பினை எத்தனை மைல் சுற்றளவுக்குள் நடந்தது என்று தெரிந்துவிடும். தொகையில் அணா எழுதியிருக்கிறதா, நயா பைசா எழுதியிருக்கிறதா என்பது காலத்தைச் சொல்லும். பெயருக்கு முன்னால் 'டிரைவர்', 'வாத்தியார்', 'மில்' என்று அடையாளம் போட்டிருந்தால் ஊரில் என்னென்ன வேலை இருந்தது என்பதும் கிடைக்கும். அதே நோட்டில் சாதியும் உண்டு, யார் எவ்வளவு குறைவாக வைத்தார் என்ற சங்கடமும் உண்டு. ஆகவே வாங்கும்போதே கொடுப்பவரிடம் கேட்டு, இத்தனை வருஷத்துக்குப் பொதுப்பார்வைக்கு இல்லை என்று எழுதி வைத்துவிட வேண்டும்.

வரும்போதே எழுதாதது பிறகு கிடைக்காது

இந்தப் பிரிவில் நடக்கும் தப்புகளில் முக்கால்வாசி, காகிதம் வந்து சேரும் முதல் பத்து நிமிஷத்தில் நடப்பவை. ஒருவர் பெட்டி கொண்டுவருகிறார். நூலகர் நன்றி சொல்லி வாங்கி மேசைக்கு அடியில் வைக்கிறார். பதிவை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விடுகிறார். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது அது யார் வீட்டுப் பெட்டி என்பது யாருக்கும் நினைவில்லை. உள்ளே இருக்கும் புகைப்படத்தில் பதினோரு பேர் நிற்கிறார்கள், பதினொருவரும் யாரோ.

புத்தகத்துக்கு இருக்கும் சேர்க்கைப் பதிவேட்டைப் போலவே இதற்கும் தனியாக ஒன்று போட வேண்டும். வந்த தேதி, கொடுத்தவர், அவருக்கு அது எப்படி வந்தது, அதற்கு முன் எங்கே இருந்தது, எத்தனை தாள், என்ன நிலையில் வந்தது, கொடுத்தவர் நிபந்தனை ஏதும் சொன்னாரா என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். 'எப்படி வந்தது' என்ற கட்டத்தைப் பலர் வெறுமையாக விடுகிறார்கள். அதில்தான் உயிர் இருக்கிறது. "மூடிப்போன நாடக சபாவின் செயலாளர் வீட்டுப் பரணில் இருந்தது" என்ற ஒரு வரி இருந்தால், உள்ளே உள்ள ரசீதும் படமும் பாட்டு நோட்டும் ஒன்றையொன்று விளக்கும்.

இன்னொரு தப்பு, நல்ல நூலகர்களே செய்வது: பொருள்வாரியாகப் பிரிப்பது. புத்தகத்தைப் பகுத்துப் பழகிய கை, பெட்டியைத் திறந்ததும் படங்களை ஒரு பக்கம், ரசீதுகளை ஒரு பக்கம் என்று அடுக்கும். அடுக்கினால் மேசை அழகாக இருக்கும். ஆனால் அந்த ரசீதுதான் அந்தப் படம் எடுத்த ஸ்டூடியோவின் ரசீது என்பது அதோடு போச்சு. ஒரு பெட்டியாக வந்தது ஒரு பெட்டியாகவே இருக்கட்டும். உள்ளே இருந்த வரிசைப்படி எண் போட்டு, பொருள் வாரியான தேடலுக்குப் பட்டியலில் வழி செய்தால் போதும். புத்தகத்துக்கு, பொருள்வாரியாகப் பகுக்க நூலகங்கள் பயன்படுத்தும் டூயி முறையில், தமிழ்நாட்டு வரலாற்றின் எண் 954.82 போட்டு அலமாரியில் வைக்கலாம். பெட்டிக்கு அது உதவாது. வந்த ஆண்டும் வரிசை எண்ணும் போதும்.

எண்ணை மென்மையான பென்சிலால், தாளின் பின்பக்கம், கீழ் ஓரத்தில் எழுத வேண்டும். பேனா கூடாது, பால்பாயின்ட் புகைப்படத்தில் மறுபக்கம் புடைத்துக்கொண்டு வரும். நூலக முத்திரையை நோட்டீஸின் நட்டநடுவில் ஓங்கிக் குத்தும் வழக்கத்துக்கு இந்தப் பிரிவில் இடமில்லை.

தேதி இல்லாத தாளுக்குத் தேதி கண்டுபிடிப்பது

கையில் ஒரு திருமண அழைப்பிதழ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில வருஷம் இல்லை. 'நிகழும் பிரமாதி வருஷம் ஆவணி மாதம் 15-ந் தேதி வியாழக்கிழமை' என்று மட்டும் இருக்கிறது. அடியில் 'ஸ்டேஷனிலிருந்து பஸ் வசதி உண்டு' என்று ஒரு வரி. 'லை' என்ற எழுத்து பழைய தும்பிக்கை வடிவில் இருக்கிறது.

தமிழ் ஆண்டுகள் அறுபது, பிரபவ முதல் அட்சய வரை சுற்றி வருபவை. கடைசியாகப் பிரபவ வந்தது 1987 ஏப்ரலில். அதற்கு முன் 1927, அதற்கும் முன் 1867. பிரமாதி பதின்மூன்றாவது. எனவே 1999, 1939, 1879 என்று மூன்று சாத்தியம். பஸ் என்ற சொல் 1879-ஐ அடித்துவிடும். பழைய 'லை' 1999-ஐச் சந்தேகத்துக்குரியதாக்கும், ஏனென்றால் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978 அக்டோபரில். மிச்சம் 1939. கிழமையை வைத்துச் சரிபார்க்கலாம்: ஆவணி 15 ஆகஸ்ட் கடைசியில் வரும். 1939-இல் ஆகஸ்ட் 31 வியாழன். 1999-இல் அதே தேதி செவ்வாய். பொருந்திவிட்டது. பட்டியலில் [1939 ஆகஸ்ட்] என்று சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது தாளில் அச்சானதில்லை, நாம் கணக்கிட்டது என்று அடுத்து வருபவருக்குப் புரியும்.

எழுத்து வடிவத்தை மட்டும் நம்பி முடிவு கட்டினால் இரண்டு பக்கமும் வழுக்கும். 1978-க்குப் பிறகும் ஈய எழுத்தை மாற்றப் பணமில்லாத சிறு அச்சகங்கள் பழைய வடிவிலேயே அடித்துக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம், பெரியாரின் குடி அரசு இதழ் 1935-லேயே புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது. அந்த இயக்கத்தார் அடித்த துண்டறிக்கையில் புதிய 'லை' இருப்பதைப் பார்த்து 1980 என்று போட்டால் நாற்பது வருஷம் தவறிவிடும்.

வேறு துப்புகளும் உண்டு. விலையில் அணா, பை என்ற பழைய காசுகள் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். 'சென்னை ராஜ்யம்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன், அதாவது தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முன். நில ஆவணங்களில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு வரும்: 590 கூட்டினால் அந்தப் பசலி ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்துத் தாள்களில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு இருக்கும். அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும், மாதத்தைப் பொறுத்து. கொல்லம் 1100 என்பது 1924-25.

நோட்டீஸின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகப் பெயரை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அச்சடிப்பவரின் பெயரையும் ஊரையும் தாளில் போடச் சொன்னது. அதன் புண்ணியத்தால்தான் அந்த வரி நமக்குக் கிடைக்கிறது. ஒரே அச்சகத்தின் தேதியுள்ள நோட்டீஸ்கள் பத்து சேர்ந்துவிட்டால், அந்த அச்சகம் எந்த வருஷம் முகவரி மாறியது, எப்போது தொலைபேசி வாங்கியது என்பது தெரியும். அப்புறம் தேதியில்லாத நோட்டீஸை அந்த வரிசையில் செருகிவிடலாம். ஸ்கேன் எடுக்கும்போது ஓரத்தை வெட்டுகிறவர்கள் முதலில் பலி கொடுப்பதும் இந்த வரியைத்தான்.

ஊர்ப்பெயர் எழுதுவதில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். 1950-இல் அச்சான சிவகாசி நோட்டீஸில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்றிருக்கும், ஏனென்றால் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் 1985-இல்தான் பிறந்தது. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்துக்குள். ஆகவே தாளில் உள்ளபடி ஒன்று, இன்றைய மாவட்டப்படி ஒன்று என இரண்டையும் எழுத வேண்டும். ஆங்கிலத் தாளாக இருந்தால் டின்னவெல்லி, டிரிச்சினாபலி, நெகபடாம் என்ற எழுத்துக்கூட்டல்களில் வரும். அவற்றுக்கெல்லாம் 'காண்க' போட்டுத் தமிழ்ப் பெயருக்குத் திருப்பிவிட்டால் தேடுபவர் அலைய மாட்டார்.

கெடுவது எப்படி, காப்பது எப்படி

நோட்டீஸ் அடிப்பது மலிவான காகிதத்தில். மரக்கூழிலிருந்து லிக்னின் நீக்காத காகிதம் அது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து, அமிலம் ஊறி, மடித்த இடத்தில் முறியும். இதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். 25 டிகிரிக்கு மேல் போகாத அறையும் 45 முதல் 55 சதவீத ஈரப்பதமும் நல்லது என்பது பாடப்புத்தகக் கணக்கு. கடலோர ஊரில் மின்விசிறி மட்டும் உள்ள நூலகத்தில் அது நடக்காது. நடக்கக் கூடியது: வெயில் விழாத சுவர்ப்பக்கம் பீரோ, சுவருக்கும் பீரோவுக்கும் ஒரு சாண் இடைவெளி, கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரம், மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது. ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி உள்ளே வைத்துவிட்டால் ஊகம் தேவையில்லை.

காகிதத்துக்குக் கரையானைவிடப் பெரிய எதிரி, நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பு. கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டுவார்கள். சில வருஷத்தில் டேப் உரிந்து போகும், பசை மட்டும் பழுப்பாக உள்ளே இறங்கி நின்றுவிடும். அதை எடுக்க வழியில்லை. லாமினேஷன் இன்னும் மோசம்: சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே முடியாது, அமிலமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும்; ரப்பர் பேண்ட் உருகித் தாளோடு ஒட்டும். கிழிந்த தாளை ஒட்டவே வேண்டாம். வெள்ளைத் தாளுக்கிடையில் தட்டையாக வைத்து உறைக்குள் போட்டால் போதும். பிளாஸ்டிக் உறை வாங்கினால் பாலியெஸ்டரா என்று கேட்டு வாங்க வேண்டும். திறந்ததும் ரெக்சின் வாடை அடிக்கும் மெத்தென்ற பிவிசி உறை எழுத்தையே உரித்தெடுத்துவிடும்.

இராமபாணப் பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வைக்கலாம், துணியில் முடிந்து தட்டின் மூலையில். இலையை அப்படியே பக்கத்துக்கு நடுவில் வைத்தால் ஈரம் இறங்கிக் கறை பிடிக்கும். பூச்சி விழுந்த கட்டு வந்தால் மற்றதோடு சேர்க்காமல், பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, கழித்தல் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுத்தால் முட்டையோடு சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் பனி வியர்த்துத் தாள் நனையும்.

வெள்ளத்தில் நனைந்தவற்றுக்கு நேரம்தான் எல்லாம். 48 மணி நேரத்துக்குள் உலரத் தொடங்காவிட்டால் பூஞ்சை. வெயிலில் விரித்தால் சுருங்கி முறுகும். நிழலில், மின்விசிறிக்குக் கீழ், இடையிடையே உறிஞ்சுதாள் செருகி, அதை ஒரு மணிக்கொருதரம் மாற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்துப் பிரிக்கவே கூடாது.

ஓலைச்சுவடி யாராவது கொண்டுவந்தால் கிளை நூலகம் அதைப் பராமரிக்க முயலாமல், சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சை சரசுவதி மகாலுக்கோ வழிகாட்டிவிடுவது உத்தமம்.

ஸ்கேன் எடுப்பது, வெளியிடுவது

அச்சுத் தாளுக்கு 300 முதல் 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), பொடி எழுத்துக்கும் புகைப்படத்துக்கும் 600. மூலப்படியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு மட்டும் பிடிஎஃப் அல்லது ஜேபெக் எடுக்கலாம். ஏ4 தாள் ஒன்று 400 டிபிஐ வண்ணத்தில் சுமார் 46 எம்பி வரும். ஆயிரம் தாளுக்கு 46 ஜிபி. வன்தட்டு வாங்கும்போதே மூன்று படிக்குக் கணக்கிட வேண்டும்: இரண்டு நூலகத்தில், ஒன்று வேறு கட்டடத்தில். கோப்புக்கு அழகான பெயர் வைக்க ஆசைப்படாமல் 2024-0137-003 என்று எண்ணாகவே வைத்தால், ஆண்டு, பெட்டி, தாள் என்று பதிவேட்டோடு நேராகப் பொருந்தும். கருப்பு வெள்ளை நோட்டீஸாக இருந்தாலும் வண்ணத்திலேயே எடுக்கவும். ரோஸ் தாளா மஞ்சள் தாளா என்பதும் தகவல்தான்.

பட்டியலை யூனிக்கோடில் தட்டச்ச வேண்டும் என்பதை இன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய பட்டியல்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும்.

இணையத்தில் போடுவதற்கு முன் பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை நிற்கும். 1964-இல் மறைந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல் யாருக்கும் பொது. ஆசிரியர் பெயர் இல்லாத மலர், நோட்டீஸ் என்றால் வெளியான ஆண்டிலிருந்து அதே கணக்கு. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்கள் என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமை முடியாதவற்றையும் பாதுகாப்புக்காக நூலகம் தன்னிடம் உள்ள படியிலிருந்து மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம். 2012 திருத்தம் அதற்கு இடம் கொடுக்கிறது. சேமிப்பது வேறு, ஊருக்கே அனுப்பிவிடுவது வேறு.

காகிதம் இல்லாத இடத்தில்

படிக்கத் தெரியாதவர்களும் நோட்டீஸ் அடிக்கக் காசில்லாதவர்களும் பெட்டிக்குள் அகப்பட மாட்டார்கள். பீரோவை மட்டும் வைத்து ஊர் வரலாறு எழுதினால் அது கடைத்தெரு வரலாறாகவும் மேலத்தெரு வரலாறாகவும் முடிந்துவிடும். அங்கே பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு அமர்வு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை மேசைமேல் வைக்காமல் துணிமேல் வைத்தால் பதிவில் இரைச்சல் பாதி குறையும்.

"எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் நம்ப முடியாது. அவர்கள் காலத்தை வருஷத்தால் அளப்பதில்லை. "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேளுங்கள், 1964 டிசம்பர் கிடைத்துவிடும். திருச்சிக்காரரிடம் 1977 வெள்ளம், கடலோரத்தில் 2004 சுனாமி. தாது வருஷப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் அது 1876-77, தாத்தாவின் தாத்தா சொல்லக் கேட்டது என்று குறித்துக்கொள்ளலாம். முடிந்ததும் யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்று சம்மதத்தை எழுத்திலோ குரலிலோ வாங்கிவிட வேண்டும்.

வாசித்த தடம்

ஊர் எதை வாசித்தது என்பதும் ஊர் வரலாறுதான், அதற்கான ஆதாரம் நூலகத்துக்குள்ளேயே கிடக்கிறது. பழைய வழங்கு பதிவேடு, வந்துபோனவர் கையெழுத்திட்ட நோட்டு, எந்தெந்தப் பத்திரிகை வாங்கினோம் என்ற பட்டியல். எந்தத் துறைப் புத்தகம் எந்த ஆண்டில் அதிகம் வெளியே போனது என்று எண்ணிப் பார்க்கலாம்; ஆள் பெயரை மட்டும் வெளியிடக் கூடாது, யார் எதை வாசித்தார் என்பது அவர் சொந்த விஷயம்.

இதைவிட ருசியானது புத்தகத்தின் முதல் பக்கம். சென்னை பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்து, 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ஊர்தோறும் வாசகசாலைகளும் படிப்பகங்களும் இருந்தன. மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931-இல் மாட்டுவண்டியிலேயே நூலகம் புறப்பட்டது. இப்படிப்பட்ட இடங்கள் மூடியபோது அங்கிருந்த புத்தகங்கள் அரசு நூலகத்துக்கு வந்தன. பலவற்றில் பழைய முத்திரை அப்படியே நிற்கும்: நீள்வட்டம், நடுவில் வாசகசாலைப் பெயர், அடியில் தெரு. அந்த வாசகசாலை இருந்ததற்கு இன்று வேறு ஆதாரம் இல்லாமலும் இருக்கலாம். சில புத்தகத்தில் 'திருமணப் பரிசு' என்று இரண்டு பெயரும் தேதியும். சிலவற்றில் ஓரக்குறிப்பு, ஆசிரியரோடு சண்டை.

கிழிந்த புத்தகங்களைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கும்போது இந்தத் தடம்தான் முதலில் எடைக்குப் போகிறது. பட்டியலில் கையெழுத்து வாங்கிப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொன்றிலும் முதல் நான்கு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் படமெடுங்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு நிமிஷம் ஆகும். உள்ளே செருகிய பஸ் டிக்கெட், புக்மார்க்காக மடித்து வைத்த நோட்டீஸ் ஏதும் விழுகிறதா என்று முதுகைப் பிடித்து ஒருமுறை உதறிப் பார்க்கவும். விழுந்தால் புத்தகத்தின் சேர்க்கை எண்ணையும் சேர்த்து எழுதி, பீரோவில் போடுங்கள்.